பின்னால் வரும் வண்டிக்கு ஒரு கம்பி
(இழுவைக் கம்பியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஓர் எளிய பாடம்)

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு

ஆண்டு மலர் என்றால் கவிதை நிறைய வரும். கட்டுரை என்றால் தலைவர்களைப் பற்றி வரும், கம்ப்யூட்டரைப் பற்றி வரும். நான் எழுதப்போவது ஓர் இரும்புக் கம்பியைப் பற்றி. அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாம் முதலாண்டிலிருந்து படித்த தகைவு, வளைவுத் திருப்புத்திறன், உராய்வு எல்லாம் இந்த ஒரு கம்பிக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிறார்கள். படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் உள்ளேயே. மோட்டார் ஹோம் என்று பெயர். நம்மூரில் சினிமா ஷூட்டிங்குக்கு வரும் கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய வண்டியைக் கடைத்தெருவில் திருப்ப முடியாது. அதனால் சொந்தக் காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டே போகிறார்கள். காரின் நான்கு சக்கரமும் தரையில் உருளும், காருக்குள் ஆள் கிடையாது. இரண்டு வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு டோ பார், அதாவது இழுவைக் கம்பி.

கே.ஜி.கண்டிகையில் மோட்டார் ஹோம் இல்லை. ஆனால் கரும்பு வெட்டும் காலத்தில் திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கு டிரெய்லர் கட்டிய டிராக்டர்கள் வரிசையாகப் போகும். ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி சாலையில் வேனும் காரும் சூடேறி நின்றுவிடும். யாராவது ஒரு கயிற்றைக் கட்டி மெக்கானிக் ஷெட்டுக்கு இழுத்துப் போவார்கள். என் நைனா கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். (1960 ஏப்ரல் வரை எங்கள் பகுதி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றே கூப்பிடுவோம்.) எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். ஆகவே படித்ததை எல்லாம் முதலில் நைனாவின் டிராக்டரில் பொருத்திப் பார்ப்பது என் வழக்கம்.

முதலில் கயிறா, கம்பியா என்பதைப் பார்ப்போம்.

1,000 கிலோ எடையுள்ள ஒரு காரைச் சமமான தார் சாலையில் உருட்ட எவ்வளவு விசை வேண்டும்? உருளும் தடை எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரை பங்கு. அதாவது வெறும் 15 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் இன்னொரு 100 கிலோ சேரும். இதைப் பார்த்தால் துணி காயப்போடும் கயிறு போதும் போலத் தோன்றும். ஆனால் கயிறு தொய்ந்து கிடக்கும்போது முன் வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுகும் அந்த நொடியில் காரையும் அதே வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். 5 கி.மீ. என்பது நொடிக்கு 1.39 மீட்டர். இயக்க ஆற்றல் கணக்குப் போட்டால் சுமார் 965 ஜூல் வருகிறது. இழுப்பது இரும்புச் சங்கிலி, கொக்கியும் சட்டமும் சேர்ந்து 5 செ.மீ.தான் இளகியது என்றால் சராசரி விசை 19,300 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 டன். உச்ச விசை அதைப்போல் இரண்டு மடங்கு. 50 செ.மீ. நீளும் நைலான் கயிறு என்றால் இதில் பத்தில் ஒரு பங்குதான். 15 கிலோ போதும் என்ற இடத்தில் 2 டன் எங்கிருந்து வந்தது? தொய்விலிருந்து வந்தது. கம்பியில் தொய்வு இல்லை. கம்பிக்கு இது முதல் லாபம்.

இரண்டாவது லாபம் பிரேக் போடும்போது தெரியும். கயிறு இழுக்கும், தள்ளாது. முன் வண்டி நின்றால் பின் வண்டி வந்து முட்டும். உள்ளே இருப்பவர் பிரேக்கை மிதித்தாக வேண்டும், அதுவும் என்ஜின் ஓடாத வண்டியில். என்ஜின் ஓடாவிட்டால் பவர் பிரேக்குக்கு உதவி கிடையாது. பெடல் கல் மாதிரி இருக்கும். பவர் ஸ்டியரிங்கும் அப்படியே. ஆகவே கயிற்றில் கட்டிப் போகும் காரில் யாரை உட்கார வைக்கிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை. "சும்மா ஸ்டியரிங்கப் புடிச்சிக்கோ" என்று சின்னப் பையனை ஏற்றி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, கம்பி என்று முடிவு செய்தாகிவிட்டது. எந்தக் கம்பி? இங்கேதான் பலரும் இழுவிசையை மட்டும் பார்த்து ஏமாந்து போகிறார்கள். "இருபத்தஞ்சு எம்.எம். ராடு, யானையே இழுக்கலாம்" என்பார் வெல்டிங் பட்டறைக்காரர். இழுக்கலாம், உண்மைதான். ஆனால் பிரேக் போடும்போது பின்னால் வரும் கார் அந்தக் கம்பியை அமுக்குகிறது. நல்ல பிரேக்கில் காரின் எடையில் பாதி, அதாவது 500 கிலோ வரை அமுக்கு விசை வரலாம். நீளமான மெல்லிய கம்பியை இரு முனையிலும் அமுக்கினால் அது நசுங்காது. நடுவில் வில் மாதிரி வளைந்து மடங்கும். நாம் பக்ளிங் என்று படித்தது இதுதான். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித அறிஞர் தந்த வாய்பாடு இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அதே வாய்பாடு.

2 மீட்டர் நீளம், இரு முனையும் பின் மாட்டியது என்று கொள்வோம். 25 மி.மீ. கெட்டி ராடு சுமார் 965 கிலோவில் மடங்கும். அதன் எடை 7.7 கிலோ. இப்போது 50 மி.மீ. வெளி விட்டமும் 3.2 மி.மீ. கனமும் உள்ள குழாயை எடுங்கள். எடை 7.4 கிலோ, ராடை விடக் கொஞ்சம் குறைவு. அது மடங்க சுமார் 6,500 கிலோ வேண்டும்! இரும்பு ஏறக்குறைய அதே அளவுதான், காசும் கிட்டத்தட்ட அதேதான், தாங்குவது ஆறரை மடங்குக்கும் மேல். இரும்பு மையத்திலிருந்து விலகி நிற்பதால் வரும் பலம் இது. மூங்கில் இதைத்தான் செய்கிறது. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி நான்கு என்று வைத்தால் ராடுக்கு 240 கிலோதான் மிஞ்சும். 500 கிலோ பிரேக்குக்கு அது பற்றாது. குழாய்க்கு 1,600 கிலோ கிடைக்கும். ஆகவே கெட்டி ராடு வேண்டாம், குழாய் வாங்குங்கள். தண்ணீர் போகும் ஜி.ஐ. குழாயையும் தவிர்த்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டு சரியாகப் பிடிக்காது, அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது.

வடிவம் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைக் கம்பி காரை இழுக்கும், திருப்பாது. திருப்ப ஸ்டியரிங்கில் ஆள் வேண்டும். அமெரிக்காவில் பயன்படுத்துவது ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி இரண்டு கையுள்ள கம்பி. இரண்டு கையும் காரின் சட்டத்தில் இடமும் வலமுமாக இரண்டு இடத்தில் மாட்டப்படும். முன் வண்டி திரும்பும்போது காரின் மூக்கை அது பக்கவாட்டில் தள்ளும். காரின் முன் சக்கரங்களுக்கு காஸ்டர் கோணம் இருப்பதால் அவை தாமே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் திரும்புகிறதே, அதே சூத்திரம். ஸ்டியரிங் பூட்டு மட்டும் திறந்திருக்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் இந்தச் சூத்திரம் தலைகீழாகிவிடும். சக்கரம் எதிர்ப்பக்கம் ஒடிந்து கம்பியையும் வளைத்துவிடும். ஆகவே இப்படிக் கட்டிய வண்டியைப் பின்னால் எடுக்கவே கூடாது.

நம் நாட்டில் ஆள் இல்லாமல் இழுக்க முடியுமா என்று கேட்பீர்கள். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகள் தெளிவாகச் சொன்னவை இவை: பழுதான வண்டியை இழுக்கும்போது அதன் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக் கட்ட வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது. வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு மேல் கூடாது. பின் வண்டியின் பின்புறம் வெள்ளைப் பலகையில் 75 மி.மீ. உயரக் கறுப்பு எழுத்தில் ‘ஆன் டோ’ என்று எழுதியிருக்க வேண்டும். 2017-இல் அந்த விதிகளின் இடத்துக்குப் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. ஷெட் வைக்க நினைப்பவர்கள் அதை ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் நைனாவின் இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கிறது. கம்பி உடைந்ததால் அல்ல. டிரெய்லரின் கண்ணையும் டிராக்டரின் தாடையையும் நேராக்கிப் பின்னைப் போடும்போது போனது. டிராக்டர் பின்னால் வரும், ஒருவர் நடுவில் நின்று டிரெய்லர் கம்பியைக் கையால் தூக்கிப் பிடிப்பார், ஓட்டை நேராக வந்த நொடியில் பின்னைச் சொருகுவார். ஓர் அங்குலம் கூடுதலாகப் பின்னால் வந்தால் அவ்வளவுதான். எங்கள் பக்கம் இப்படி விரல் இழந்தவர்கள் இன்னும் சிலரை எனக்குத் தெரியும்.

மோட்டார் ஹோம் கம்பியைப் பற்றிப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதன் பலம் இல்லை, அதன் நீளும் கைகள். இரண்டு கையும் குழாய்க்குள் குழாயாக நீண்டு சுருங்கும், பக்கவாட்டிலும் அசையும். காரைத் தோராயமாகப் பின்னால் நிறுத்தினால் போதும். கையை இழுத்து நீட்டி, பின்னை மாட்டிவிட்டு, ஆள் விலகி வந்துவிடலாம். பிறகு முன் வண்டி மெதுவாக நகரும்போது கைகள் முழு நீளத்துக்கு நீண்டு ‘டக்’கென்று தாமே பூட்டிக்கொள்ளும். இரண்டு வண்டியும் நகரும்போது நடுவில் மனிதன் இல்லை! அங்கே வசதிக்காகச் செய்தது இது. நமக்கு இதில் விரல் மிஞ்சுகிறது. ஆகவே கம்பி தேர்ந்தெடுக்கும்போது எத்தனை டன் தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், மாட்டும்போது ஆள் எங்கே நிற்பான் என்று கேளுங்கள். நீளும் கை செய்ய வசதி இல்லையென்றால் டிரெய்லர் கம்பிக்கு அடியில் உயரம் மாற்றக்கூடிய ஒரு ஜாக் கால், தாடையில் புனல் மாதிரி விரிந்த வாய், இந்த இரண்டுமே பாதி வேலையைச் செய்துவிடும். எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரே நாளில் முடியும் வேலை.

அடுத்தது பின். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் பாடத்தில் பின்னுக்கு வெட்டுத் தகைவுதான் பார்ப்போம். 25 மி.மீ. பின், இரு பக்கமும் தாடை, சேற்றுக் குழியிலிருந்து எகிறும்போது 2 டன் விசை என்று வைத்துக்கொள்வோம். வெட்டுத் தகைவு சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன்தான். சாதாரண மைல்டு ஸ்டீலுக்கு இது தூசு. அப்படியானால் நைனாவின் டிராக்டரில் பின்கள் ஏன் வாழைக்காய் மாதிரி வளைந்து கிடக்கின்றன? அளந்து பார்த்தேன். தாடையின் இடைவெளி 80 மி.மீ., டிரெய்லர் கண்ணின் கனம் 30 மி.மீ. கண் நடுவில் தொங்குகிறது. பின் ஒரு சின்ன உத்திரம் மாதிரி வேலை செய்கிறது. வளைவுத் தகைவு கணக்குப் போட்டால் 208 வருகிறது. மைல்டு ஸ்டீல் 250-இல் நிரந்தரமாக வளையத் தொடங்கும். அதாவது புதுப் பின்னே விளிம்பில்தான் நிற்கிறது. தேய்ந்து 20 மி.மீ. ஆகிவிட்டால் தகைவு 406. வளையாமல் என்ன செய்யும்? விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் பலம் மாறுவதால், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே பலம் பாதியாகிவிடுகிறது.

பெரிய பின் போடுவது ஒரு வழி. அதைவிட நல்ல வழி தாடைக்குள் இரு பக்கமும் 20 மி.மீ. பட்டை வைத்து வெல்டு செய்து இடைவெளியை 40 ஆக்குவது. தகைவு 80-க்கு இறங்கிவிடும். வாஷர் போட்டு நிரப்பினால் சத்தம் குறையும், வளைவு குறையாது. இந்தக் கணக்கை வீட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது நைனா எட்டிப் பார்த்து, "ஒடஞ்சா தெரியப்போவுது, இதுக்குப் போய் இம்மாங் கணக்கா?" என்றார். "ஒடையறதுக்கு முன்னாடி தெரியணும் நைனா" என்றேன். மறுநாள் அவரே டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மற்ற டிராக்டர்களின் தாடையை அளந்து வந்தார். எழுத வராததால் அளவுகளை மனதிலேயே வைத்திருந்து ராத்திரி சொன்னார். ஏழு வண்டி அளவையும் தப்பில்லாமல் சொன்னார்.

பின் எதில் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். கட்டடக் கம்பித் துண்டைப் பின்னாகப் போடுவது பரவலாக இருக்கிறது. டி.எம்.டி. கம்பிக்கு மேல்தோல்தான் கடினம்; அதில் தலை வைத்து வெல்டு செய்தால் அந்த இடத்தில் கடினம் போய்விடும். காயலான் கடையில் கிடைக்கும் லாரி ஆக்சில் துண்டு நல்ல எஃகுதான், ஆனால் வெல்டு வைத்தால் பக்கத்தில் விரிசல் விடும். லேத்தில் கடைந்து தலையோடு எடுக்க வேண்டும். போல்ட் போடுவதாக இருந்தால் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். 8 என்றால் 800 நியூட்டன் இழுவைப் பலம், .8 என்றால் அதில் நூற்றுக்கு எண்பதில் வளையத் தொடங்கும் என்று பொருள். எண்ணே இல்லாத போல்ட்டைக் கதவுக் கீலுக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல், பின்னுக்கு அடியில் ஒரு லாக் ஊக்கு. நைனாவின் அனுபவத்தில் பின் உடைந்து டிரெய்லர் கழன்றதைவிட, ஊக்கு இல்லாமல் பின் துள்ளி வெளியே வந்து கழன்றதுதான் அதிகம். கம்பிக்கு அடியில் இரண்டு சங்கிலியைக் குறுக்காகக் கட்டிவிட்டால், கம்பி கழன்றாலும் தொட்டில் மாதிரி அதில் விழும். தரையில் குத்தி வண்டியைக் கவிழ்க்காது.

உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பி தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். மோட்டார் ஹோம்காரர்கள் 10 செ.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்கிறார்கள். 2 மீட்டர் கம்பியில் 50 செ.மீ. சாய்வு இருந்தால் 500 கிலோ பிரேக் விசையில் 125 கிலோ முன் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கவோ அமுக்கவோ செய்யும். காரில் இது தொந்தரவு. டிராக்டரில் உயிர் போகும். 2,000 கிலோ டிராக்டர், அதில் 700 கிலோ முன் சக்கரத்தில், சக்கர இடைவெளி 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 45 செ.மீ. உயர டிரா பாரில் கட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்க 2,950 கிலோ விசை வேண்டும். டயருக்கு அவ்வளவு பிடிப்பே கிடையாது. தூக்குவதற்கு முன்னால் சக்கரம் வழுக்கிச் சுற்றிவிடும். அதுவே சங்கிலியை மேலே, 1.1 மீட்டரில், சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் மாட்டினால் 1,200 கிலோவிலேயே முன்பக்கம் எழும்பும். அந்தப் பிடிப்பு டயரில் இருக்கிறது. முன்பக்கம் எழும்பிய பிறகு கிளட்சை மிதிக்க ஓட்டுபவருக்கு நேரம் கிடைக்காது. சேற்றில் மாட்டிய டிரெய்லரை எடுக்கும்போது "மேலே கட்டினா நல்லா தூக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கடைசியாக பிரேக். இங்கிலாந்தில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் இழுபடும் காரின் பிரேக் பெடலை முன் வண்டியோடு சேர்ந்து மிதிக்கத் தனிக் கருவி விற்கிறார்கள். நம் கரும்பு டிரெய்லர்களில் பலவற்றில் பிரேக்கே இல்லை. 2 டன் டிராக்டர் தனியாக மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போய் பிரேக் போட்டால் 2.6 மீட்டரில் நிற்கும். பின்னால் 8 டன் கரும்பும் டிரெய்லரும் இருந்தால் அதே பிரேக்கில் 13 மீட்டர். பன்னிரண்டுக்கு ஒன்று இறக்கத்தில் 42 மீட்டர். இதை எந்தக் கம்பியாலும் சரி செய்ய முடியாது. எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் தள்ளுவது தள்ளும்தான். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து இறங்குவது ஒன்றுதான் இப்போதைக்கு இருக்கும் வழி.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் கம்பி 50 மி.மீ. குழாயில் ‘ஏ’ வடிவத்தில், நீளும் கைகளோடு வொர்க்‌ஷாப்பில் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். காரில் மாட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள்: பம்பரிலோ ஸ்டியரிங் ராடிலோ கட்டாதீர்கள். கருவிப் பெட்டியில் இருக்கும் இழுவை வளையத்தைத் தேடி எடுத்துத் திருகுங்கள். பல கார்களில் அது இடது மரை. ஆட்டோமேட்டிக் கியர் காரை இழுக்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுக்காதீர்கள்; என்ஜின் ஓடாவிட்டால் கியர் பெட்டிக்கு ஆயில் அனுப்பும் பம்ப்பும் ஓடாது. கிளம்பும் முன் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி மூன்றையும் பாருங்கள். பலகையையும் மாட்டுங்கள். எங்கள் பலகையில் ‘ஆன் டோ’ என்பதற்குக் கீழே தமிழில் ‘இழுத்துச் செல்லும் வண்டி’ என்று எழுதியிருக்கிறோம். நகரி, புத்தூர் வண்டிகளும் இந்தச் சாலையில் வருமே என்று நைனா சொன்னதால், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுத் தெலுங்கிலும் ஒரு வரி சேர்த்தோம்.